சொந்த உபயோகம்

வக்கீல் நோட்டீஸ் என்ற வஸ்துவை உங்களில் எத்தனை பேர் கையால் தொட்டிருக்கிறீர்களோ தெரியாது. எனக்கு அந்தப் பாக்கியம் பதினான்காவது வயதிலேயே கிட்டிவிட்டது. 1993-ஆம் வருஷம், தை மாதம். மதுரையில் வடக்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா ஜவுளிக் கடைக்குப் போயிருந்தார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தபால்காரர் நீட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டு அதை வாங்கினாள். என்னிடம் கொடுத்து, "என்னன்னு படிடா" என்றாள்.

படித்தேன். அந்தக் காகிதம் அப்பாவை வரிக்கு வரி 'தாங்கள்' என்று அழைத்தது. அப்பாவை அவ்வளவு மரியாதையாக யாரும் அழைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடையில் அவருக்குப் பெயர் 'கணக்கு'. முதலாளிக்கு அவர் 'ஏம்ப்பா'. இந்தக் காகிதத்தில் மட்டும் தாங்கள் எனது கட்சிக்காரரின் வீட்டில் மாத வாடகைக்குக் குடியிருந்து வருகிறீர்கள். எனது கட்சிக்காரரின் ஒரே மகன் தமது மனைவி மக்களுடன் மதுரைக்கே வந்து தங்க இருப்பதால், தாங்கள் குடியிருக்கும் பகுதி சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுகிறது. ஆகவே 15 தினங்களுக்குள் தாங்கள் காலி செய்து கொடுக்க வேண்டியது. தவறினால் வழக்குச் செலவுக்கும் தாங்களே பொறுப்பாளி. முகத்தில் அறைவதற்கு முன்னால் கை குவித்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தது.

"யாரு வரப் போறதா எழுதியிருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"அண்ணாச்சி மகன்."

"இன்னொரு தடவை படி."

படித்தேன். அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் போய் விட்ட இடத்திலிருந்து துணியைத் துவைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அந்தத் துணிகள் பட்ட அடி எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய காலத்து வீடு. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். கீழே முன் பகுதியில் ஒரு குடித்தனம், இரண்டாம் கட்டில் நாங்கள், கொல்லையை ஒட்டிய ஓர் அறையில் தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒரு தாத்தா. வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. ஊர் முழுவதும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. வாடகை 350 ரூபாய். முதல் வருஷ தீபாவளிக்கு முன்தினம் அண்ணாச்சி அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, காலம் மாறிப் போச்சு. முன் பகுதியைப் போன ஆடியில் காலி பண்ணினாங்க இல்லையா? புதுசா வந்தவங்க 900 தர்றாங்க" என்றார். அப்பாவுக்கு மாதச் சம்பளமே 1,800. "450 தர்றேன் அண்ணாச்சி. பங்குனிக்கு மேலே 500 ஆக்கிடறேன்" என்றார். அண்ணாச்சி சிரித்தார். அதற்கு மேல் பேச்சில்லை. அந்தச் சிரிப்புத்தான் தையில் பதிவுத் தபாலாக வந்தது.

அம்மா ஏன் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள் என்பது ராத்திரி தெரிந்தது. நாங்கள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். மார்கழியில் ஒரு நாள் வாசலில் கோலம் போட்ட கையோடு வீட்டுக்கார அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். மகனுக்கு வடக்கே ஓர் உருக்காலையில் உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது, குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, கட்டிலும் பீரோவும் லாரி ஏறிப் போய்விட்டன, பேரப் பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். "இனிமே எம் புள்ளை இந்த ஊருக்கு விருந்தாளியாத்தான் வருவான்" என்று சொல்லி அழுதாளாம்.

"அப்போ நோட்டீசு பொய்" என்றார் அப்பா.

"பொய்தான். ஆனா அக்கா எங்கிட்ட அழுததை நீங்க எங்கேயும் சொல்லிடக் கூடாது" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் அப்பா காகிதத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனார். நானும் பின்னால் போனேன். முப்பத்தைந்து வருஷம் பிறருடைய காகிதங்களை முத்திரை குத்தி அனுப்பியவர் அவர். அவர் சொன்னவற்றை நான் பின்னால் சட்டப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குச் சட்டப் புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். தாத்தா சொன்னதில் பிசகு உண்டா என்று பார்க்கத்தான். பிசகே இல்லை.

முதலில் அவர் சொன்னது: "தம்பி, நோட்டீசு வேறே, உத்தரவு வேறே. வக்கீல் எழுதினது நோட்டீசு. கோர்ட்டு எழுதினால்தான் உத்தரவு. பதினைஞ்சு நாள் கழிச்சு உங்களை யாரும் தூக்கி வெளியே வைக்க முடியாது."

மாத வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்ள 15 நாள் அறிவிப்பு என்பது சொத்து மாற்றுச் சட்டத்தில் உள்ள விஷயம். ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடக்கிற ஊரில் அந்த அறிவிப்பால் மட்டும் காரியம் நடக்காது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி, கண்ட்ரோலர் முன்னால் மனுப் போட்டு, ருசுப்படுத்தி, உத்தரவு வாங்கியாக வேண்டும். அப்படி மனுப் போட அந்த 15 நாள் அறிவிப்பே அவசியமில்லை என்று 1979-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்களைப் பயமுறுத்திய காகிதம் சட்டத்தின் கண்ணில் தேவைகூட இல்லாத காகிதம்! இதைத் தெரிந்துகொள்ளாமல் நோட்டீசைக் கண்ட மாத்திரத்தில் மாட்டு வண்டி பிடித்துச் சாமான் ஏற்றிய குடும்பங்கள் எங்கள் சந்திலேயே உண்டு.

இரண்டாவதாகத் தாத்தா சொன்னது இன்னும் முக்கியமானது. "இந்த மாச வாடகையை அண்ணாச்சி வாங்க மாட்டார், பாருங்க. வாங்கலையேன்னு பணத்தைச் செலவு பண்ணிடாதீங்க. அதுதான் பொறி."

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஐந்தாம் தேதி அப்பா மாடிக்குப் போனார். அண்ணாச்சி பூஜையில் இருந்தார். ஆறாம் தேதி குளித்துக்கொண்டிருந்தார். ஏழாம் தேதி, "அதுக்கென்ன அவசரம் தம்பி?" என்றார். வாடகையை வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று காட்டிவிட்டால் சொந்த உபயோகம், மகன், பேரன் என்கிற கதையே வேண்டாம். அந்த ஒரு காரணமே காலி செய்யப் போதும். ஆகவே தாத்தா சொல்லச் சொல்ல அப்பா ஒரு கடிதம் எழுதினார்: 'தாங்கள் வாடகையை வாங்கிக்கொள்ளாததால், பணம் செலுத்த ஒரு பாங்கின் பெயரைப் பத்து நாளைக்குள் தெரிவிக்க வேண்டியது.' இப்போது அப்பாவும் 'தாங்கள்' எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்! பதில் வரவில்லை. அடுத்தபடியாக மணியார்டர். ஒரே வீட்டுக் கீழ்க்கட்டிலிருந்து மாடிக்கு மணியார்டர்! அது சிம்மக்கல்லைச் சுற்றிக்கொண்டு மாடிப் படி ஏறி, 'வாங்க மறுத்துவிட்டார்' என்ற குறிப்போடு கீழ்க்கட்டுக்குத் திரும்பி வந்தது. அதற்கு மேல் கண்ட்ரோலர் கோர்ட்டிலேயே பணத்தைக் கட்டலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தது. அப்பா மாதம் தவறாமல் கட்டினார். அந்த மறுப்புக் குறிப்புகளையும் ரசீதுகளையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நகை என்று சொல்லக்கூடியது அதுதான்.

மாசியில் குழாயில் தண்ணீர் நின்றது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை யாரோ மூடிவிட்டார்கள். யாரோ என்ன, அண்ணாச்சிதான். குடித்தனக்காரர் அனுபவித்து வரும் தண்ணீர், மின்சாரம் முதலிய வசதிகளை வீட்டுக்காரர் தக்க காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்றும், நிறுத்தினால் கண்ட்ரோலரிடம் முறையிடலாம் என்றும் சட்டம் இருந்தது. தாத்தா மனு எழுத உட்கார்ந்தார். ஆனால் மனு எழுதி முடிக்கவில்லை. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குக் குழாய் சலசலத்தது. ஐந்து மணிக்கு மறுபடி நின்றது. அதற்குள் அம்மா எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பிவிட்டாள். தினம் அதே நாலு மணி, அதே ஒரு மணி நேரம். அண்ணாச்சி எழுந்திருப்பது ஐந்தரைக்கு. யார் திறந்துவிடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அம்மாவும் வீட்டுக்கார அக்காவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. மனுவைத் தாத்தா மடித்து வைத்துவிட்டார்.

வைகாசியில் கேஸ் வந்தது. மதுரையில் அந்த நாளில் மாவட்ட முன்சீப்தான் ரெண்ட் கண்ட்ரோலர். வைகையைத் தாண்டிப் போக வேண்டும். அப்பா கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் போவார். வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவார். வக்கீல் பீஸுக்கு அம்மாவின் வளையல் இரண்டு போயின. அப்பாவுக்குச் சில நாள் மனசு தளர்ந்துவிடும். "350 ரூபாய் வீட்டுக்கு இவ்வளவு சண்டையா? விட்டுட்டுப் போயிடலாமா?" என்பார். போவதென்றால் எங்கே போவது? 900 ரூபாய்க்குக் குறைந்து மாசி வீதிகளுக்குள் வீடு கிடையாது. அட்வான்ஸ் பத்தாயிரம் கேட்டார்கள். அக்காவுக்குப் பிளஸ் டூ பரீட்சை வருஷம். ஊருக்கு வெளியே போனால் அப்பா கடைக்குப் போகும் பஸ் செலவே சம்பளத்தைத் தின்றுவிடும்.

எங்கள் வக்கீல் சின்ன வயசுக்காரர். நிதானமானவர். சட்டத்தை அப்பாவுக்கு இப்படி விளக்கினார்: வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் ஒரு பகுதியில் இருந்துகொண்டு, குடும்பத்துக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அந்தத் தேவை மெய்யானது என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். இரண்டு, வீட்டுக்காரருக்குக் கிடைக்கிற சௌகரியத்தையும் குடித்தனக்காரருக்கு நேர்கிற கஷ்டத்தையும் தராசில் வைத்துப் பார்த்து, கஷ்டம் கனத்தால் மனுவைத் தள்ளிவிட வேண்டும். "கஷ்டத்தை நாம காட்டிடலாம் சார். தேவை பொய்ன்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

முன் பகுதி விஷயத்தை அப்பா சொன்னார். நோட்டீசுக்கு ஐந்தே மாதம் முன்பு ஒரு பகுதி காலியாகி, அதை 900 ரூபாய்க்கு விட்டிருக்கிறார். மகனுக்கு வேண்டுமானால் அதையே வைத்துக்கொண்டிருக்கலாமே. வக்கீல் குறித்துக்கொண்டார். "இது நல்ல பாயிண்டு. இன்னும் ஏதாவது?"

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸ், லாரி, பள்ளிக்கூடம், எல்லாவற்றையும்.

குறுக்கு விசாரணை நடந்த அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நானும் போயிருந்தேன். அண்ணாச்சி கூண்டில் நின்றார். பாத்திரக் கடையில் அரை ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசுகிறவர், அங்கே சுருக்கமாகத்தான் பேசினார்.

"உங்கள் மகனுக்கு வேலை எங்கே?"

"வடக்கே."

"குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்களா?"

"எனக்குத் தெரியாது."

"கார்த்திகை மாதம் உங்கள் வீட்டிலிருந்து கட்டிலும் பீரோவும் லாரியில் போனது எங்கே?"

அண்ணாச்சி பதில் சொல்லாமல் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தது அப்பாவையோ என்னையோ அல்ல. எங்களைத் தாண்டி எதையோ கணக்குப் போடுகிற மாதிரி பார்த்தார். "ஞாபகம் இல்லை" என்றார்.

"பேரக் குழந்தைகள் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்?"

பதில் இல்லை.

எந்த மகனுக்காக வீடு கேட்கப்பட்டதோ அந்த மகன் கடைசி வரை சாட்சி சொல்ல வரவேயில்லை. அப்பா பிஸ்கட் டப்பாவைத் திறந்து மணியார்டர் குறிப்புகளையும் ரசீதுகளையும் ஒவ்வொன்றாகத் தாக்கல் செய்தார். 1994 ஆவணியில் உத்தரவாயிற்று. தேவை மெய்யானதாகத் தோன்றவில்லை, மனு தள்ளுபடி. அண்ணாச்சி அப்பீலுக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அல்வா வாங்கி வந்தார். அம்மா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"நான் அழுததை நீங்க எங்கேயும் சொல்லக் கூடாதுன்னா கேட்டேன்? அவ அழுததைத்தானே சொல்லாதீங்கன்னு கேட்டேன்?" என்றாள்.

"ஜெயிச்சிருக்கோம். புள்ளைங்க தெருவிலே நிக்காம இருக்கு" என்றார் அப்பா.

"ஆமா" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒரு மாதத்துக்கு அப்பாவுடன் தேவைக்கு மேல் பேசவில்லை.

விடியற்காலைத் தண்ணீர் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். கேஸ் முடிந்ததும் அண்ணாச்சியே குழாயைத் திறந்துவிட்டார். நாள் முழுதும் வந்தது. ஆனால் வீட்டுக்கார அக்கா கொல்லைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். என் தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி கண் விழித்தவள் அவள். எங்கள் வீட்டு ரசம் கொதித்தால் மாடியிலிருந்து டம்ளர் இறங்கி வரும். அந்த டம்ளர் பிறகு இறங்கவேயில்லை. கார்த்திகை தீபத்தன்று அம்மா தானாகவே மாடி ஏறிப் போனாள். கூடவே நானும் போனேன். அக்கா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நீ பொய் சொல்லலைம்மா. நான் சொன்னதைத்தானே கோர்ட்டிலே கேட்டாங்க. அவர் எழுதின பொய் எனக்கு அப்புறந்தான் தெரியும். ஆனா இப்போ இந்த வீட்டிலே அவர்கிட்டே எனக்கு வாய் இல்லாமப் போச்சு. 'உன்னாலேதான்'னு ஒரு வார்த்தை. அதைத் தாண்டி அவர் எங்கிட்ட பேசறதில்லே."

அம்மா கொண்டு போன பொரியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

நாங்கள் அந்த வீட்டில் இன்னும் மூன்று வருஷம் இருந்தோம். வாடகையை அப்பா தானாகவே 500 ஆக்கினார். 1997-இல் அக்கா உத்தியோகத்துக்குப் போனதும் வேறு வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினோம். யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

இதை எழுதும்போது அண்ணாச்சியின் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். குடித்தனக்காரன் பிள்ளை எழுதுகிற கதையில் வீட்டுக்காரர் ராட்சசனாகிவிடுவது சுலபம். வாடகைக் கட்டுப்பாடு நம் ராஜதானியில் யுத்த காலத்தில், 1941-இல் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பஞ்சம் வந்த காலத்தில் வந்த ஏற்பாடு, 1946, 1949, 1960 என்று சட்டம் மேல் சட்டமாகத் தொடர்ந்தது. விலைவாசி மலையேறிய பிறகும் பல வீடுகளில் வாடகை அடிவாரத்திலேயே நின்றது. வாடகையை நம்பி ஜீவனம் செய்த விதவைகளும் வயோதிகர்களும், தங்கள் வீட்டுக்குத் தாங்களே போக முடியாமல் இருபது வருஷம் கோர்ட்டு ஏறிய கதைகளும் உண்டு. வசதியான குடித்தனக்காரர்கள் அந்தச் சட்டத்தைக் கவசமாக மாட்டிக்கொண்டதும் உண்டு.

ஆனால் அண்ணாச்சிக்கு நேர் வழி ஒன்று திறந்தே இருந்தது. 'இந்த வாடகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நியாய வாடகை நிர்ணயம் செய்து கொடுங்கள்' என்று அதே கண்ட்ரோலரிடம் அவர் மனுப் போட்டிருக்கலாம். நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, குடியிருக்கும் வீடானால் வருஷத்துக்கு 9 சதவீதம் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் அப்பாவால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. 900 இல்லாவிட்டாலும் கூடுதலாக ஒரு தொகை வந்திருக்கும். அந்த வழியில் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. 'எனக்குப் பணம் போதவில்லை' என்று ஊரறியச் சொல்வதற்கு அண்ணாச்சி கூச்சப்பட்டார். மகன் வருகிறான் என்று சொல்லக் கூச்சப்படவில்லை.

பொய்க் காரணம் சொல்லி ஒருவரைக் கிளப்புவதைச் சட்டம் எவ்வளவு தூரம் யோசித்திருந்தது என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லி உத்தரவு வாங்கிக் காலி செய்த வீட்டுக்காரர், ஒரு மாதத்துக்குள் அங்கே தாம் குடியேறாவிட்டாலோ, குடியேறி ஆறு மாதத்துக்குள் தக்க காரணமின்றி வெளியேறிவிட்டாலோ, பழைய குடித்தனக்காரர் மனுப் போட்டு அதே வீட்டுக்குள் திரும்பி வரலாம் என்று 1960-ஆம் வருஷச் சட்டம் சொன்னது. ஜெயித்த பிறகும் பொய் பொய்தான் என்று எழுதி வைத்தவர் யாரோ, அவர் எங்கோ ஒரு சந்தில் குடித்தனம் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கண்ட்ரோலர் போய், வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் வந்திருக்கின்றன. இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம் எழுத்தில் உள்ள ஒப்பந்தந்தான். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாய்ப் பேச்சில் பதினொரு வருஷம் குடியிருந்த எங்கள் கதை இன்று நடந்தால், ஒப்பந்தம் இல்லை என்பதே எங்களைக் கிளப்ப ஒரு காரணமாகிவிடக்கூடும். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் யாரையும் கிளப்ப முடியாது. காலம் முடிந்தபின் பழைய சட்டம் கொடுத்த நிழல் இப்போது கிடையாது. ஆகவே, வீடு பார்க்கும்போது சுவரையும் குழாயையும் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்வேன்.

தாத்தாவின் பாடங்கள் மட்டும் பழசாகவில்லை. நோட்டீசு வேறு, உத்தரவு வேறு. இன்றைக்கும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் சாமானை வெளியே எடுத்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் இன்றைக்கும் நிறுத்தக் கூடாது. வாடகை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். பாக்கி மட்டும் வைக்கக் கூடாது. பிஸ்கட் டப்பாவுக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பணம் போன தேதி அதில் பத்திரமாக இருக்கும்.

இவ்வளவையும் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வருஷம் நான் வீட்டுக்காரனாக ஒரு நோட்டீசு எழுத உட்கார்ந்தேன். நாவல் எழுதியும் மனைவியின் சம்பளத்தாலும் கட்டிய சின்ன வீடு. மாடியில் ஒரு குடும்பம் ஐந்து வருஷமாக இருக்கிறது. கடன் தவணை கழுத்தைப் பிடிக்கிறது; அக்கம்பக்கத்தில் எங்களைவிட நாலாயிரம் அதிகம் வாங்குகிறார்கள். ஒரு நண்பர் வழி சொன்னார்: "வாடகைன்னு ஆரம்பிச்சா பேரம் பேசுவாங்க. மகனுக்குக் கல்யாணம், சொந்த உபயோகத்துக்கு வேணும்னு ஒரு வரி போதும். யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க." என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். 'அப்போ உறவுக்காரங்க வர்றாங்கன்னு போடுங்க' என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: 'சொந்த உபயோகத்துக்கு' என்று ஒரு வரி எழுதியும்விட்டேன். கதை எழுதுகிறவனுக்கு அது கஷ்டமா? வராத ஒரு மைத்துனனைக் கண் முன்னே நிறுத்தி, அவனுக்கு இரண்டு குழந்தைகளும் கொடுத்துவிட்டேன். அப்போது மாடியிலிருந்து அந்த வீட்டு அம்மாள் இறங்கி வந்து என் தாயாரிடம் முருங்கைக் கீரை கொடுத்துவிட்டு, "பாட்டி, உங்களுக்கு எங்கே உறவுக்காரங்க எல்லாம்? ஒருத்தரும் வர்றதில்லையே" என்று விசாரித்தது காதில் விழுந்தது. அம்மா, "வர ஆள் ஏதும்மா எங்களுக்கு" என்றாள்.

காகிதத்தைக் கிழித்தேன். வேறு எழுதினேன். 'ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது. எனக்கு வாடகை போதவில்லை. புது ஒப்பந்தத்தில் இவ்வளவு எதிர்பார்க்கிறேன். முடிந்தால் இருங்கள்; முடியாவிட்டால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு வேறு வீடு பாருங்கள்.' எழுதி முடித்ததும் எனக்கே அது குரூரமாகப் பட்டது. பொய் எவ்வளவு மிருதுவாக இருந்தது! அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எண்பதை நெருங்குகிறவள், காது கொஞ்சம் மந்தம்.

"என்ன காரணம் எழுதியிருக்கே?" என்றாள்.

"வாடகை போதலைன்னு."

"இன்னொரு தடவை படி."

படித்தேன். சற்று நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அப்போ சரி. நீயே மேலே கொண்டு போய்க் கொடு. தபாலிலே போடாதே" என்றாள்.